கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்கிறாய்

கடலூர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள ஜான்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. பெரியவள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். வரவில்லை என்று இன்னும் கோபமாக இருக்காதே. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இவள் இப்போதுதான் வாக்கர் இல்லாமல் வாசல் வரை போய் வருகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள், கடன் அடைந்துவிட்டது, காலையில் முழங்கால் போட்டால் கேட்க ஒன்றும் இல்லாமல் எழுந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்துவிட்டதடா. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிற மாதிரிதானே நாம் இத்தனை வருஷமும் ஜெபித்திருக்கிறோம்! மனு தீர்ந்துவிட்டால் அந்த ஆபீசில் நமக்கு என்ன வேலை?

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். வானத்தையும் பூமியையும் படைத்தவர் என்ற முதல் வரியை நாம் தாண்டுகிற வேகம் உனக்கே தெரியும். திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் பாடத்தை மனப்பாடம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? 1529இல் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் எழுதியது. அந்த முதல் வரிக்கு அவர் தரும் விளக்கத்தில் நட்சத்திரமோ மலையோ வராது. என்னைப் படைத்தார், கண், காது, அவயவங்கள், புத்தி எல்லாம் தந்தார் என்று ஆரம்பித்து உடை, செருப்பு, சாப்பாடு, வீடு, நிலம், ஆடுமாடு என்று இறங்கிக்கொண்டே போவார். என் தகுதிக்காக இவற்றில் ஒன்றும் வரவில்லை என்று முடிப்பார். செருப்பு வருகிற இடத்தில் கடைசி பெஞ்சில் நாம் சிரித்து அடி வாங்கினோம்.

இப்போது காலை ஜெபத்தில் அந்தப் பட்டியலைத்தான் வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு எது கண்ணில் படுகிறதோ அதற்கு ஸ்தோத்திரம். போன வாரம் பிசியோதெரபி பையன் பிடித்துக்கொள்ள, இவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினாள். வலியில் பல்லைக் கடித்தாலும் முட்டி மடங்கியது. ஒரு முழங்காலுக்காக நான் ஸ்தோத்திரம் சொன்னது அன்றைக்குத்தான். கேட்க ஒன்றும் இல்லாத உனக்கு இது தோதான ஜெபம். செய்து பார்.

ஆனால் எல்லாம் நிறைந்திருக்கிறவன் மட்டும் பாடுகிற பாட்டா இது என்றால், இந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேதத்தில் யோபு புத்தகம் 38ஆம் அதிகாரத்தில் கடலுக்குக் கதவும் தாழ்ப்பாளும் போட்டு, 'இம்மட்டும் வா, மிஞ்சி வராதே' என்று கர்த்தர் சொல்கிறார் இல்லையா? அன்று காலை எங்கள் ஊர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் அது மிஞ்சித்தான் வந்தது. அதற்குப் பிறகு கடலைப் படைத்தவரே என்று வாய் திறந்து பாட எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. தண்டனை என்று சிலர் விளக்கம் வேறு சொன்னார்கள். எனக்கு இன்றுவரை அது செரிக்கவில்லை. யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைப் பார், எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவிடம் இது உன் பாவத்துக்குத் தண்டனை என்று விளக்கம் சொன்ன மூன்று சிநேகிதர்கள் மேல்தான் கர்த்தருக்குக் கோபம். யோபுவுக்கும் அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. வரையாடு குட்டி போடுவதையும் தீக்கோழி ஓடுவதையும் காட்டுகிறார், அவ்வளவுதான். அந்தப் பதில் எனக்குப் போதுமா என்றால், சில நாள் போதும், சில நாள் போதாது. பாடத்தான் செய்கிறேன்.

அப்புறம், மீன்பிடித் தடைக்காலம் பற்றி உன் மருமகன் கேட்டாராமே. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், கூடை சுமக்கிற பெண்கள் வரை எல்லோருக்கும் அது கஷ்டகாலம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓய்வுநாள் கட்டளையில் உன் மிருகஜீவனும் வேலை செய்ய வேண்டாம் என்று வருகிறதல்லவா, மீனுக்கும் ஒரு ஓய்வு கிடைக்கட்டுமே என்று நான் நினைத்துக்கொள்வேன். அரசாங்கம் வேதத்தைப் பார்த்துச் சட்டம் போடவில்லை, அது வேறு விஷயம்.

அறுப்பின் பண்டிகைக்குக் கட்டாயம் வா. போன தடவை பீடத்தின் முன்னால் நெல், முந்திரிக்கொட்டை, வாழைத்தார், காலைக் கட்டிய சேவல், ஐஸ் பெட்டியில் ஒரு வஞ்சிரம் எல்லாம் இருந்தன. சுவிசேஷ வாசிப்புக்கு நடுவில் சேவல் கூவியதில் பாஸ்டருக்கே சிரிப்பு. ஆராதனை முடிந்து நடக்கிற ஏலத்தில்தான் கொஞ்சம் கௌரவப் போட்டி புகுந்துவிடுகிறது, எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனாலும் ஒருவர் பூசணிக்காயை ஏலம் எடுத்து, திரும்ப ஏலத்துக்கே கொடுத்து, மறுபடி இன்னொருவர் எடுத்து, அது ஊர் சுற்றி வந்ததைப் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

தேதி தெரிந்ததும் போன் பண்ணுகிறேன். டிக்கெட்டை முன்னாடியே போட்டு வை. மாடி அறையைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லிவிட்டேன். தங்கச்சியையும் அழைத்து வா.

உன்
அருள்