மேடை மானிட்டர் திருப்பணி: நிறைவு அறிக்கையும் கணக்கும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மேடை மானிட்டர், அதாவது கலைஞர்கள் தங்கள் சத்தத்தைத் தாங்களே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர் பெட்டி, அந்த வேலை முடிந்துவிட்டது. மதிப்பீடு 1,55,000 ரூபாய். செலவு 1,86,400. கூடுதலாகப் போன 31,400 ரூபாயைப் பற்றி டீக்கடை வரைக்கும் பேச்சு வந்துவிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறோம். அதில் 29,000 ரூபாய் மண்ணுக்குள் போனது. நிஜமாகவே மண்ணுக்குள்தான்: எர்த் குழிக்கும் அதிலிருந்து மேடைக்கு இழுத்த புது லைனுக்கும்.

நான்கு பவர்டு மானிட்டர்களையும் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் பெட்டிகள்) மாட்டிய அன்றே உர்ரென்று ஒரு சத்தம். யாரும் பாடவில்லை, சுருதிப் பெட்டிகூடப் போடவில்லை. காண்டிராக்டர், "ரெண்டு நிமிஷ வேலை சார்" என்று பிளக்குகளைத் திறந்து பச்சை வயரை, அதாவது எர்த் வயரை, கழற்றிவிட்டார். சத்தம் நின்றது. எல்லோரும் கைதட்டினோம், இதை எழுதுகிறவனும் சேர்த்துத்தான்.

கைதட்டாதவர் ஒருவர்தான். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினர். மேடை பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். எர்த் கம்பியே உள்ளே வரவில்லை. எந்தக் காலத்திலோ யாரோ, கரண்டு திரும்பிப் போகும் நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு துண்டுக் கம்பியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லா மைக்கின் சத்தத்தையும் கலந்து அனுப்பும் மிக்சரோ ஹாலின் பின்பக்கம், ஒழுங்கான எர்த் உள்ள வேறு லைனில் இருக்கிறது. ஆக, ஃபேனும் லைட்டும் இழுக்கிற கரண்டில் ஒரு பங்கு மானிட்டருக்குப் போகும் கேபிளின் ஷீல்டு (உள்வயரைச் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக உறை) வழியாக மிக்சருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதுதான் அந்த உர். பச்சை வயரைக் கழற்றினால் அந்த வழி அடைபடும், சத்தமும் நிற்கும். ஆனால் நாளைக்கு மானிட்டர் பெட்டிக்குள் கரண்டு வரும் ஃபேஸ் வயர் பாடியில் உரசினால், கரண்டு போக அந்த மெல்லிய ஷீல்டை விட்டால் வேறு வழி கிடையாது. அது எரிந்து அறுந்தால் பெட்டி முழுக்க 230 வோல்ட். வியர்த்த உடம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மிருதங்க வித்வான்.

இதைச் சொன்னதும் காண்டிராக்டருக்குக் கோபம். "இருபது வருஷமா இப்படித்தான் செய்றேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றார். ஒண்ணும் ஆகாததை ஒரு கணக்காக எடுத்துக்கொள்ளக் கமிட்டியால் முடியவில்லை. பேசிய கூலி 12,000. கேபிள் இழுத்ததற்கு 7,000 கொடுத்து, மீதி 5,000-ஐ நிறுத்திவிட்டோம். அவர் மூன்று தடவை வந்து சத்தம் போட்டார். தலைவர் வீட்டுக்கும் போனார். உறுப்பினர்களில் சிலரும் அவர் பக்கம் பேசினார்கள் என்று தெரியும். பரவாயில்லை. அந்த 5,000 புது லைன் செலவோடு சேர்ந்துவிட்டது.

இப்போது மிக்சருக்கும் மேடைக்கும் ஒரே மின்பெட்டியிலிருந்து, ஒரே ஃபேஸில், எர்த் கம்பியோடு லைன் வருகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) போட்டிருக்கிறோம். பச்சை வயர் எல்லா பிளக்கிலும் இருக்கிறது, உர் இல்லை. மேடை விரிப்பு, கேபிள் மூடி, பெயின்ட் வேலையெல்லாம் முடிந்தது.

"பழைய ஆம்ப்ளிஃபையர் இருக்கும்போது இது எதற்கு?" என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். பழையதில் எல்லா மானிட்டரிலும் ஒரே சத்தம். பாடகருக்குச் சுருதி வேண்டும், மிருதங்கக்காரருக்குப் பாட்டு வேண்டும், வயலினுக்குத் தன் வில் கேட்க வேண்டும். இப்போது மிக்சரில் ஆளுக்கு ஓர் ஆக்ஸ் (தனித்தனியாகக் கலந்து அனுப்பும் வழி), அதுவும் ப்ரீ ஃபேடரில், அதாவது ஹால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்னாலேயே எடுத்தது. ஹாலில் சத்தத்தை ஏற்றி இறக்கினாலும் மேடையில் மாறாது. ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் கரண்டுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று என இரண்டு வயர் இழுக்க வேண்டியிருந்ததை நாங்களும் முதலில் யோசிக்கவில்லை. கேபிள் கணக்கு 2,400 கூடியது அதனால்தான்.

பாடகரின் மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால், அவர் முகத்தைப் பார்த்து இருப்பது தப்பல்ல. நம் எஸ்எம்58 கார்டியாய்ட் மைக், முன்பக்கச் சத்தத்தைத்தான் அதிகம் எடுக்கும். முதுகுப் பக்கம் அதற்குக் காது மந்தம். பக்கவாட்டுக்கு நகர்த்தினால்தான் கூ என்று கத்தும். பெட்டியின் சாய்வு நின்று பாடுகிறவர்களுக்கானது. நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்காருவதால் சத்தம் தலைக்கு மேலே போயிற்று, அதனால் இரண்டடி கிட்டே நகர்த்தி வைத்திருக்கிறோம். தயவுசெய்து யாரும் பூஜாடி வைக்க அதை நகர்த்த வேண்டாம்.

முதல் கச்சேரியில் வர்ணம் முடிவதற்குள் வயலின் மானிட்டர் கரகரத்தது எங்கள் தப்பு. பெட்டியின் பின்னால் இருந்த சுவிட்ச், மிக்சரிலிருந்து வரும் பலமான சிக்னலுக்கான 'லைன்' பக்கம் இல்லாமல், மெல்லிய சிக்னலுக்கான 'மைக்' பக்கம் கிடந்திருக்கிறது. காண்டிராக்டர் மேல் இதைப் போட வேண்டாம்.

கூடுதல் செலவைத் தாங்கியவர்கள்: கீழரதவீதி பாத்திரக்கடை அண்ணாச்சி 15,001, மஸ்கட்டிலிருந்து தம்பி ஒருவர் 10,001, மூன்றாம் தெரு டீச்சரம்மா 5,001, பால் சொசைட்டி அக்கா 1,001, பூக்கடைப் பெரியம்மா 501. குழிக்கு உப்பும் கரியும் தந்தவர் பலசரக்குக் கடை மாமா. தோண்டிய பையன்களுக்கு இரண்டு நாள் சாப்பாடு போட்டவர் மெஸ் அக்கா. பெயரைப் பலகையில் மட்டும் போடச் சொன்னார்கள், போட்டிருக்கிறோம். எழுத்துப் பிழை இருந்தால் சொல்லவும், போன தடவை மாதிரி ஆறு மாதம் கழித்து அல்ல. வரவு 31,505 போக 105 ரூபாய் கையிருப்பு.

சுவிட்ச் போடும்போது மிக்சர் முதலில், மானிட்டர் கடைசியில். அணைக்கும்போது மானிட்டர் முதலில். பெட்டிச் சாவி செயலாளரிடம். பில்களை ஞாயிறு காலை 10 மணியிலிருந்து 12 வரை ஆபீஸில் பார்க்கலாம். அந்தத் துண்டுக் கம்பியும் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.