தடைக்காலத்தில் துறைமுகச் சுவரையும் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரை முழுவதும் விசைப்படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறோம். அந்தப் படகு திரும்பி வந்து சாயப்போகும் சுவரை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

சுவரில் பதித்த ரப்பர் தடுப்புகள் பல இடங்களில் தேய்ந்து கழன்றுவிட்டன. ரப்பர் போன இடத்தில் போல்ட் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. நீர் வற்றும்போது படகின் விளிம்பு அந்த இரும்புக்கு அடியில் போய்விடும். நீர் ஏறும்போது மாட்டிக்கொண்டு பலகை பெயரும். போதாததற்கு, இடமில்லாமல் நான்கைந்து படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுகிறோம். அலை உள்ளே அடித்தால் அத்தனை பாரத்தையும் வாங்குவது சுவரோரப் படகுதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்தபோது, காசிமேட்டில் கட்டியிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதிச் சேதமானதை யாரும் மறந்திருக்க முடியாது.

ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது. மேலே உள்ள ஜெல்கோட் பூச்சு உடைந்தால் தண்ணீர் கண்ணாடி இழைக்குள் மெல்ல ஊறி, அடுக்குகள் பிரிய ஆரம்பிக்கும். வெளியே தெரியவரும்போது செலவு பல மடங்காகியிருக்கும்.

பழைய டயர் தொங்கவிடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் கம்பி வெளியே வந்த டயர் அரம் மாதிரி படகைத் தேய்த்துவிடும். அடியில் ஓட்டை போடாத டயரில் மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு பெருகும். அப்புறம், படகு ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. முதலில் கரை சேர்ந்தால் மீனுக்கு நல்ல விலை கிடைக்கும், அந்த அவசரம் புரிகிறது. ஆனால் சுவரை நெருங்கும் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. எந்த டயரும் அதற்கு ஈடுகொடுக்காது.

தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் விசைப்படகுகளை ஆய்வு செய்ய வருகிறார்கள். அதே நாளில் சுவரோரமாக ஒருமுறை நடந்து, பழுதான தடுப்புகளைக் குறித்துக்கொள்ளட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டுகளை உடனே அறுத்துவிட்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புது ரப்பர் பொருத்தித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு விசைப்படகு உரிமையாளர்,
சென்னை.