மகளுக்குப் பால் கொடுக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு

மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. குலதெய்வக் கோயிலில் சோறூட்டி வந்தோம். அதுவரை தாய்ப்பாலும் சொட்டு மருந்துகளும் தவிர வேறெதுவும் அவள் வயிற்றுக்குள் போகவில்லை. இதைக் கேட்கிறவர்கள், “உனக்கு நல்ல சுரப்பு, கொடுத்து வைத்தவள்” என்கிறார்கள். சுரப்பெல்லாம் பிறகு வந்தது. முதல் வாரத்திலேயே நின்றுபோயிருக்க வேண்டிய விஷயம் இது. நிற்கவிடாமல் பிடித்துக்கொண்டவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்குத்தான் இந்த மடல். பலர் அரசுப் பணியில் இருப்பவர்கள், சிலருக்குக் கூச்ச சுபாவம். அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் இன்னார் என்று அவர்களுக்கே தெரியும்.

முதலில், அன்று இரவுப் பணியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அக்காவுக்கு.

அக்கா, எனக்கு சிசேரியன். தையல் வலியில் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. பிள்ளையோ காம்பின் நுனியை மட்டும் கவ்வி இழுத்து, ஒன்றும் வராமல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். அதற்குள் என் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்: இவளுக்குப் பால் இல்லை. நீங்கள் வந்து யாரோடும் வாதாடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “நீ எப்படிக் குடுக்குறியோ அப்படியே குடு, நான் பாக்குறேன்” என்றீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் மார்பைப் பிடித்துக் குழந்தையின் வாயில் திணித்துவிட்டுப் போனார்கள். நான் கொடுப்பதை உட்கார்ந்து பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்.

பார்த்துவிட்டு நீங்கள் செய்தவை எல்லாம் எனக்கு அப்படியே மனப்பாடம். தையல் மேல் படாமல் இருக்க, பிள்ளையை என் அக்குள் பக்கமாகத் தலையணை மேல் படுக்கவைத்து, அவள் கால்கள் என் முதுகுப் பக்கம் போகும்படி வைத்தீர்கள். அவள் மூக்கு காம்புக்கு நேராக வரவேண்டும். தலையை அழுத்தக்கூடாது, கழுத்தையும் தோளையும்தான் தாங்க வேண்டும். காம்பை மேலுதட்டில் தடவி, கொட்டாவி விடுகிற அளவுக்கு வாயைத் திறக்கிற வரை பொறுத்திருக்க வேண்டும். திறந்ததும் மார்பைக் குனிந்து கொண்டுபோகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும், முதலில் தாடை பதிய வேண்டும். சரியாகப் பிடித்தால் கீழுதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். காம்பைச் சுற்றியுள்ள கருவளையம் மேல்பக்கம் கொஞ்சம் தெரியும், கீழ்ப்பக்கம் பெரும்பாலும் அவள் வாய்க்குள் போயிருக்கும்.

எனக்கு வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அதுதான் தாய்மை என்று யார் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். நீங்கள், “வலிக்குதுன்னா பிடிப்பு சரியில்லைன்னு அர்த்தம், எடுத்துட்டு மறுபடி வை” என்று சொல்லி, சுண்டு விரலைப் பிள்ளையின் கடைவாயில் விட்டு உறிஞ்சுதலைத் தளர்த்தி எடுக்கக் காட்டினீர்கள். அப்படி எடுத்தெடுத்து வைத்ததில் ஒரு தடவை சட்டென்று வலி நின்று, அவள் தொண்டையில் விழுங்குகிற சத்தம் கேட்டது. வார்டே தூங்கிக்கொண்டிருந்த நேரம். நான் அழுதேன், நீங்கள் அடுத்த கட்டிலுக்கு ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விட்டீர்கள்.

பால் இல்லை என்றவர்களுக்கும் உங்களிடம் பதில் இருந்தது. ஒரு கரண்டியில் நாலு சொட்டுப் பீய்ச்சிக் காட்டினீர்கள். கெட்டியாக, மஞ்சளாக, சீம்பால். முதல் நாளில் பிள்ளை ஒரு தடவைக்குக் குடிப்பதே ஒரு டீஸ்பூன் அளவுதான், 5 மில்லி, 7 மில்லி. பால் நிறைந்து வர இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், சிசேரியன் என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். இதை என்னிடம் மட்டும் சொல்லாமல், சர்க்கரைத் தண்ணீரோடு நின்ற பெரியம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். அதற்குத் தனி நன்றி.

என் இடப்பக்கக் காம்பு தட்டை. அதற்கு நீங்கள் சொன்ன வைத்தியம் ஒரு 10 மில்லி சிரிஞ்சு. ஊசி மாட்டுகிற முனையை பிளேடால் வெட்டிவிட்டு, பிஸ்டனை உருவி, வெட்டிய பக்கம் வழியாக உள்ளே விட வேண்டும். வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, வலிக்காத அளவுக்கு மெதுவாக இழுத்து அரை நிமிடம் பிடிக்க வேண்டும். அப்புறம் உடனே பிள்ளையைப் போட வேண்டும். சில ரூபாய் சாமான். இதைத் தெரியாமல் “உனக்குக் காம்பு சரியில்லை, புட்டிதான்” என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் எத்தனை பேரோ.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அன்று வேறு யாராவது பணியில் இருந்திருந்தால்? உங்களுக்கு அந்த இரவில் பார்க்க ஒரு வார்டு நிறையத் தாய்மார்கள். நீங்கள் என் அருகே உட்கார்ந்த நேரம் உங்கள் சாப்பாட்டு நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. பிரசவ வார்டில் இதற்கென்றே ஓர் ஆளை நியமிக்க வேண்டும். இது அதிர்ஷ்டத்தை நம்பி விடுகிற விஷயமில்லை.

அடுத்த கட்டிலில் இருந்த அக்காவுக்கு. உங்களுக்கு அது மூன்றாவது பிரசவம். கையால் பால் பீய்ச்ச எனக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கருவளையத்தின் ஓரத்தில், முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்கி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் புண்தான் மிச்சம். மிஞ்சிய பாலை அங்கிருந்த தாய்ப்பால் வங்கிக்கு நீங்கள் கொடுத்ததைப் பார்த்தேன். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் முதன்முதலாக அப்படி ஒரு வங்கி தொடங்கினார்களாம், ஆசியாவிலேயே அதுதான் முதல். குறைமாதத்தில் பிறந்து மேல்மாடியில் கிடந்த ஏதோ ஒரு பிள்ளை உங்கள் பாலைக் குடித்திருக்கும். அந்த அம்மா சார்பிலும் நானே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தை மருத்துவருக்கு. 2.9 கிலோவில் பிறந்தவள் 2.68-க்கு இறங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் உயிர் போயிற்று. மஞ்சள் காமாலை வேறு, பால் குடிக்காமல் தூங்கியபடியே இருந்தாள். நீங்கள் சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினீர்கள், சார். ஏழரை சதவீதம் இறக்கம். முதல் சில நாட்களில் இவ்வளவு இறங்குவது வழக்கம்தான், பத்தை நெருங்கினால் விழித்துக்கொள்ள வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும். அதைவிட, நீங்கள் கேட்ட கேள்விதான் உதவியது: “எத்தனை தடவை சிறுநீர் போகுது?” நீல விளக்கின் அடியில் கிடந்தவளை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து, துணியைக் கழற்றி, உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக் கொடுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் கொடுத்து முடித்ததும் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டச் சொன்னீர்கள். “நாளைக்கும் எடை ஏறலைன்னா பவுடர் பால் கொஞ்சம் சேர்ப்போம். அதுவும் அளவு பார்த்து, நாள் பார்த்து. அதனால தாய்ப்பால் நின்னு போகாது” என்றதும் எனக்கு மூச்சு வந்தது. எனக்குத் தேவைப்படவில்லை. எதிர்க் கட்டில் பெண்ணுக்குத் தேவைப்பட்டது. அவரும் நல்ல அம்மாதான், அதை அவரிடமும் நீங்கள் சொன்னீர்கள்.

மருந்துக்கடை அண்ணனுக்கு ஒரு வரி. பதறிப்போய் டப்பா வாங்க வந்த என் வீட்டுக்காரரிடம், “டாக்டர் எழுதினாரா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினீர்கள். குழந்தை பால் பவுடருக்கு விளம்பரமே கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அதைவிட அந்த ராத்திரியில் வேலை செய்தது உங்கள் கேள்வி.

அடுத்து, வீட்டுக்கு வந்தபின் என் உயிரைக் காப்பாற்றிய கிராம சுகாதார செவிலியர் அக்காவுக்கு. பால் ஒரே நேரத்தில் நிறைந்து வந்து இரண்டு பக்கமும் கல்லாகிவிட்டது. பிள்ளையால் கவ்வ முடியவில்லை. பக்கத்து வீட்டு அத்தை ஒரு பந்து மல்லிகைப்பூ வாங்கி வந்து, மாரில் வைத்துக் கட்டினால் வலி குறையும் என்றார். பாவம், அவருக்கு நல்லெண்ணம்தான். நீங்கள் படியேறி வந்தீர்கள், பூவைப் பார்த்தீர்கள், அம்மாவிடம் கேட்டீர்கள்: “பால் வத்தணும்னா இதைக் கட்டுறோம், இந்தப் பிள்ளை பசிக்கு யார் வீட்டுக்குப் போகும்?” பூ சாமி படத்துக்குப் போனது. மல்லிகைப்பூ உண்மையிலேயே பாலைக் குறைக்கிறது என்று வேலூர் மருத்துவர்கள் 1988-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். பாட்டிமார் சொன்னது பொய்யில்லை. எனக்கு அந்த நேரத்துக்கு வேண்டியது அதுவல்ல, அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னபடி, பால் கொடுக்கும் முன் கொஞ்சம் பீய்ச்சிக் கருவளையத்தை இளக வைத்தேன். கொடுத்து முடித்ததும் ஈரத்துணி வைத்தேன். காம்பு வெடிப்புக்கு என் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காற்றாட விட்டேன். இரண்டு நாளில் ஒரு பக்கம் சிவந்து, குளிரெடுத்துக் காய்ச்சல் வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே அழைத்துப் போனீர்கள். மார்பில் தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்த டாக்டரம்மா, அந்தப் பக்கமும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது என்றார். நிறுத்தினால் பால் தேங்கி, சீழ் கட்டுகிற நிலைக்குப் போகலாமாம். காய்ச்சல்காரி பால் கொடுத்தால் பிள்ளைக்கும் காய்ச்சல் வரும் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் தினமும் வந்து போனதால்தான் நான் தெருவைக் கேட்கவில்லை.

அம்மா, அத்தை, உங்கள் இருவருக்கும்.

அம்மா பூண்டு வதக்கிப் போட்டாள், சுறாப்புட்டு செய்தாள், முருங்கைக்கீரை பொரித்தாள். சுறாப்புட்டு பாலைச் சுரக்க வைக்குமா என்று நர்ஸ் அக்காவைக் கேட்டதற்கு, “பாலை எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், சுறாப்புட்டு உனக்குச் சத்து” என்றார். பரவாயில்லை, அந்தப் புட்டின் ருசிக்காகவே இன்னொரு பிள்ளை பெறலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் ஆகாது என்ற பத்தியத்தை மட்டும் அம்மா தானாகவே கைவிட்டாள், பக்கத்தில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது.

அத்தை, உங்களைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. சாயங்காலமானால் அவள் விடாமல் குடிப்பாள், விடுவாள், அழுவாள், மறுபடி கேட்பாள். பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கும், மாலையில் அடுக்கடுக்காகக் கேட்கும், அது இயல்பு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு யார் சொல்வது? “பால் பத்தலையோ?” இந்த ஒரு கேள்வியைப் போல என் பாலைக் குறைத்தது வேறெதுவும் இல்லை. பயந்து உட்கார்ந்தால் பால் இறங்கவே மறுக்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். “ஒரு நாளைக்கு ஆறு துணிக்கு மேல நனைக்கிறா. எடையும் ஏறுது. வேற ஏதாச்சும் கேக்கணுமா?” என்று கேட்டால் யாருக்குத்தான் வாய் வரும்? உங்கள் மாமியார் காலத்து உரைகல், வசம்பு, கடுக்காய் எல்லாம் துடைத்துத் தயாராக வைத்திருந்தீர்கள். ஆறு மாதம் எதுவும் கூடாது என்று செவிலியர் சொன்னதும், முகம் வாடினாலும் எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு, அதாவது பிள்ளையின் அப்பாவுக்கு: ஏப்பம் எடுக்க வைத்தது, பாலாடையை வெந்நீரில் போட்டெடுத்தது, ராத்திரி பிள்ளையை எடுத்துக் கையில் கொடுத்தது, எல்லாம் கணக்கில் இருக்கிறது. வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

தடுப்பூசிக்குப் போன நாளில் பேருந்து நிலையத்தில் எங்களைப் பார்த்த துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கும் நன்றி. 2015 முதல் நம் பேருந்து நிலையங்களில் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கும் அறை இருக்கிறது. அன்று அது பூட்டிக் கிடந்தது. யாரையோ சத்தம் போட்டுச் சாவி வாங்கி வந்து திறந்துவிட்டு, நான் வெளியே வரும்வரை வாசலிலேயே நின்றீர்கள்.

கடைசியாக என் மேலாளர் மேடத்துக்கு. 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன். நான் கேட்பதற்கு முன்பே, பழைய ஸ்டோர் ரூமுக்கு உள்தாழ்ப்பாள் போட்டு, மேசையும் பிளக் பாயிண்ட்டும் வைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னீர்கள். பீய்ச்சிய பால் வெளியே நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை தாங்கும். மதியம் ஒருமுறையும் நாலு மணிக்கு ஒருமுறையும் பத்துப் பதினைந்து நிமிடம் எழுந்து போவேன். அந்த நேரத்தில் மீட்டிங் வைக்காமல் இருந்தால் இன்னொரு நன்றி மடல் எழுதத் தயார்.

அன்புடன்,
ஒரு தாய்,
திண்டுக்கல்.