விரத அலுதாவில் ஜெலட்டின் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் காவடி விரதத்துக்கென்று போட்டிருந்த சமையல் குறிப்புகளில், பாலில் ஜெல்லி துருவிப் போட்டுக் குடிக்கிற நம் அலுதாவுக்கு ‘ஜெலட்டின் 2 மேசைக்கரண்டி’ என்று இருந்ததைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஜெலட்டின் என்பது பன்றி, மாடு இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. பத்து நாள் கவுச்சி தொடாமல், வீட்டில் தனிப் பாத்திரம் வைத்து விரதம் இருக்கிற ஒருவர் வெயிலுக்கு இதமாக ஒரு கிளாஸ் அலுதா குடித்தாலே விரதம் போய்விடும் என்றால் எவ்வளவு வருத்தம்!

நம் பெரியவர்கள் அலுதாவுக்குப் போட்டது கடற்பாசி, கடையில் அகர் அகர் என்று கேட்டு வாங்குவோமே அதுதான். என் அம்மா அந்த வெள்ளை இழைகளை ஊறவைத்து, கரையும்வரை கொதிக்கவிட்டு, தட்டில் ஊற்றி ஆறவைத்துத் துருவுவார், ஃபிரிட்ஜ் இல்லாத காலத்திலேயே அது தானாக இறுகிவிடும். ஜெலட்டின் அப்படி இல்லை, அதற்கு ஃபிரிட்ஜ் வேண்டும், நம் மொரீசியஸ் ஜனவரி வெயிலில் வெளியே வைத்தால் இளகிவிடும், வாயில் போட்டால் கரைந்துவிடும். கடற்பாசி கரையாது, பல்லில் நறுக்கென்று உடையும். கடையில் அலுதா குடிக்கிறவர்கள் இதை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஆனாலும் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

போன வருஷம் என் பேரன் முதல் காவடி எடுத்தான், வயது எட்டு. விரதத்தின் நாலாம் நாள் கிமோவ் மிட்டாய் (மார்ஷ்மெல்லோ) கேட்டான். கடைக்காரர் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டி, ஹலால் முத்திரை இருக்கிறது, பயப்படாமல் கொடுங்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஹலால் என்றால் பன்றி இல்லை என்றுதான் அர்த்தம், சைவம் என்று அர்த்தமில்லை. பொடி எழுத்தில் ‘ஜெலாத்தீன் போவீன்’ என்று இருந்தது, அதாவது மாட்டு ஜெலட்டின். நம் ஆட்களில் பாதிப் பேர் அந்த முத்திரையைப் பார்த்ததுமே நிம்மதியாகிவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் பின்பக்கம் படிக்கிறேன். ஸ்ட்ராபெரி தயிரில் ‘கார்மீன்’ என்றோ அதன் சேர்க்கை எண்ணான இ120 என்றோ இருந்தால் அது கள்ளிச்செடியில் வாழும் ஒரு பூச்சியைக் காயவைத்து எடுத்த சிவப்பு, பெரும்பாலும் பெரு நாட்டிலிருந்து வருவது, ஒரு கிலோ காய்ந்த பூச்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் உயிர் போகிறது. சீஸில் ‘பிரெஸ்யூர்’, அதாவது பாலை உறையவைக்கும் பொருள், என்றிருந்தால் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். பளபளக்கும் மிட்டாயில் இ904 என்றால் அரக்கு, அதுவும் பூச்சியிடமிருந்து வருவதுதான். இ471 செடியிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், எழுதிக் கேட்டால்தான் தெரியும்.

சில நேரம் வீணாகவும் பயந்திருக்கிறேன். நாப்போலித்தேன் பிஸ்கட் மேலே பூசுகிற ரோஸ் கலரைப் பற்றி ஒரு கடையில் கேட்டபோது புட்டியையே எடுத்து நீட்டினார்கள், ‘கொஷெனிய்’ என்று எழுதியிருந்ததும் எனக்குத் திக்கென்றது. அப்புறம் பார்த்தால் அது இ124, பேர்தான் அந்தக் கள்ளிச்செடிப் பூச்சியின் பேர், சாயம் முழுக்கச் செயற்கை. வேறு காரணங்களுக்காக அதை வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஆனால் உயிர்க்கொலை அதில் இல்லை.

இந்தியாவிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருப்பதால் நமக்குக் கொஞ்சம் சுலபம். அங்கேயே அது போதாது என்று 2021-இல் தில்லி உயர் நீதிமன்றம், சேர்க்கும் பொருள் ஒவ்வொன்றும் செடியிலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வுக்கூடத்தில் செய்ததா என்று எழுதச் சொன்னது. பிரான்ஸிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இங்கே வந்து இறங்குகிற சாமான்கள் பலவற்றில் ஒரு புள்ளியும் கிடையாது, நாமேதான் படித்துக்கொள்ள வேண்டும், பிரெஞ்சுப் பொடி எழுத்து தெரியாத பாட்டிமார் என்ன செய்வார்கள்?

அதனால் கொடியேற்றத்துக்கு முன்னால் வரும் இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கடற்பாசி 10 கிராம். பக்கத்திலேயே மேலே சொன்ன பேர்களையும் எண்களையும் பெரிய எழுத்தில் போட்டால், வெட்டி எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீசியஸ்