மரம் நடுவதற்கு ஒரு பயிற்சியா, அத்தான்?

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே நான் நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? போனில் பேசும்போது எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை, மழை பிடித்துக்கொண்டால் சிக்னலும் போய்விடுகிறது, அதனால் உட்கார்ந்து எழுதியே விடலாம் என்று தோன்றியது. போன தடவை அத்தான் கேட்டது மனசிலேயே நிற்கிறது: மரம் நடுவதற்கு எதற்குப் பயிற்சி, குழி வெட்டி வைத்து மண்ணை மூடினால் ஆயிற்று, இதற்காகவா இவ்வளவு தூரம் போனாய் என்று. வெட்டின காட்டைத் திரும்ப வரவைக்க ஊர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இங்கே என் வேலை, அதனால் நியாயமான கேள்விதான். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகாவின் தெற்கு மூலை, பனாமா எல்லைக்குப் பக்கத்தில் சான் வீத்தோ என்ற சின்ன ஊர். மலைப்பகுதி, கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் உயரம், அதனால் வெயில் அவ்வளவாகச் சுடாது. வருடத் தொடக்கத்தில் சில மாதம் காயும், மற்றபடி மதியம் தாண்டினால் மழைதான், வேலையை எல்லாம் விடியற்காலையில் தொடங்கி மேகம் கூடுவதற்குள் முடித்துவிட வேண்டும். 1950களில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பங்களும் நாட்டின் மற்ற பக்கங்களிலிருந்து வந்தவர்களும் இங்கே காட்டை வெட்டிக் காப்பி பயிரிட்டார்கள், பிறகு பலர் மாடு மேயப் புல் வளர்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. காடாகக் கிடப்பது வீண் நிலம், வெட்டித் திருத்தினவனுக்கே அது சொந்தம் என்று நினைத்த காலம் அது.

இந்த நாட்டைப் பற்றி ஒரு நல்ல கதையை உலகமே சொல்கிறது, அது உண்மையும்கூட. 1940களில் நாட்டின் முக்கால் பங்கு காடாக இருந்து, 1980களில் ஏறக்குறைய கால் பங்குக்கு இறங்கி, இன்று மறுபடி பாதிக்கு மேல் வந்திருக்கிறது. 1996இல் ஒரு வனச் சட்டம் போட்டார்கள். காட்டை வேறு எதற்காகவும் மாற்றக் கூடாது என்றது அது. கூடவே காட்டை வைத்திருப்பவருக்கு அரசே பணம் கொடுக்கும் ஏற்பாடும் வந்தது, பெட்ரோல் டீசல் வரியிலிருந்துதான் அதற்குப் பெரும்பகுதி பணம். காடு தண்ணீரைக் காக்கிறது, காற்றைச் சுத்தம் செய்கிறது, அதற்கான கூலி என்று கணக்கு.

ஆனால் எங்கள் வட்டாரத்தில் உள்கதை வேறு. 1947இலிருந்து 2014 வரை மேலிருந்து எடுத்த படங்களை அடுக்கி வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2019இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். தானாக முளைத்து எழுந்த இளங்காடுகளில் பாதி, 20 வருடத்துக்குள் திரும்ப வெட்டப்பட்டுவிட்டது. 54 வருடத்துக்குள் 85 சதவீதம் போய்விட்டது. இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் கைவிட்ட நிலம் தேறுவதைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள்: மண் பத்து வருடத்துக்குள் ஓரளவு தேறிவிடும், மரங்கள் எழுந்து நிழல் கட்ட இன்னும் சில பத்து வருடம், ஆனால் பழைய காட்டில் இருந்த அதே மரக்கலவை திரும்பி வர 120 வருடத்துக்கு மேல் ஆகும். இருபதாம் வருடத்தில் வெட்டினால் அத்தனையும் முதலிலிருந்து. காடு தானாக வரும் அக்கா, இந்த மழைக்கும் மண்ணுக்கும் அது வராமல் இருந்தால்தான் அதிசயம். வந்ததை இருக்க விடுவது நிலத்துக்காரர் கையில் இருக்கிறது. நான் செய்யும் வேலை அங்கேதான் தொடங்குகிறது, அத்தான்.

பயிற்சிக்கு யார் வருவார்கள் என்று கேட்பீர்கள். காப்பி விவசாயிகள், மாடு வைத்திருப்பவர்கள், வனத்துறை ஊழியர்கள், பள்ளி ஆசிரியர்கள், எல்லைப் பக்கத்து ங்கோபே பழங்குடி இளைஞர்கள். எல்லோரும் நாற்றோடு நிற்கும் போட்டோ எடுக்கத் தயாராக வருவார்கள். முதல் நாள் நாங்கள் நாற்றைக் கண்ணில் காட்டுவதே இல்லை. கைவிட்ட மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போய், ஆளுக்கு ஒரு சதுரக் கயிற்றுச் சட்டகம் கொடுத்து, புல் மேல் போட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்வோம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த தீவனப் புல், இடுப்பு உயரம். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: புல்தான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை. சரி, மண்டியிட்டு விலக்கிப் பாருங்கள் என்போம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியும், விரல் நீளத்தில், இரண்டு இலை மூன்று இலையோடு மரக்கன்றுகள். போன வகுப்பில் வயதான ஒரு அம்மா, வாழ்நாள் முழுக்க அந்த மாதிரி நிலத்தை மச்சேத்தே என்ற நீள அரிவாளால் வெட்டிச் சுத்தம் செய்தவர், ஒரு கன்றின் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு மரத்தின் பெயரைச் சட்டென்று சொன்னார். எங்கள் கையேட்டில் அந்தக் கன்றின் படமே இல்லை. வளர்ந்த மரத்தை அடையாளம் சொல்லப் படித்தவர்கள் இருக்கிறார்கள், முளையைப் பார்த்துச் சொல்ல இவர்களை விட்டால் ஆள் இல்லை. அன்று மீதி வகுப்பை அவர்தான் நடத்தினார், நான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் பயிற்சியின் பாதி. கன்று இருக்கும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் வைப்பது, சுற்றிலும் உள்ள புல்லைப் பலகையால் மிதித்து மடக்குவது, மாடு வராமல் வேலி போடுவது, தீ வராமல் பார்ப்பது. மடக்குவது பிலிப்பைன்ஸில் பழகிய முறை. வெட்டின புல் பல மடங்கு வேகத்தில் திரும்ப எழும், மடங்கின புல் அப்படியே கிடந்து மக்கும். வேலி போட்டால் போதும் என்று சொல்லி ஒரு விவசாயியை நாற்று வாங்காமல் அனுப்புவதை நான் வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. பக்கத்தில் காடே இல்லையென்றால் விதை வராது. விதையைக் கொண்டுவருவது பறவையும் வௌவாலும். திறந்த வெளியில் பறவை உட்காரக் கிளை வேண்டும், கிளை இல்லாத இடத்தில் அது பறந்து கடந்துவிடும். வௌவால் பறந்துகொண்டே எச்சம் போடும், அதனால் அது கொஞ்சம் உதவும். இங்கே லாஸ் குரூசெஸ் ஆராய்ச்சி நிலையத்தைச் சுற்றி 2004 முதல் 2006 வரை நட்டு இன்றுவரை அளந்துவரும் ஒரு சோதனை இருக்கிறது, பயிற்சிக்கு வரும் எல்லோரையும் அங்கே கூட்டிப்போகிறோம். ஒரு துண்டு நிலத்தில் வரிசை வரிசையாக முழுக்க மரம், ஒன்றில் திட்டுத் திட்டாக மட்டும், ஒன்றில் ஒன்றுமே நடாமல். திட்டு நட்ட நிலத்தில் போட்டது முழு நடவின் கால்வாசியை ஒட்டிய நாற்றுதான். பத்து வருடம் கழித்துப் பார்த்தால், புதிதாக வந்து முளைத்த காட்டு மரங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றும் நடாத துண்டுகள் பொதுவாகப் பின்தங்கி நின்றன, அதிலும் இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம். நட்டது நாலே வகை மரம். அதில் ஒன்று போரோ, நம் முள்முருங்கையின் சொந்தம், பூ கூட அப்படித்தான். இன்னொன்று குவாபா, நீளக் காய் காய்க்கும். அந்தக் காயைப் பிளந்தால் பஞ்சு மாதிரி வெள்ளைச் சதைக்குள் விதை பல சமயம் ஏற்கெனவே முளைவிட்டிருக்கும், அதைக் காயவைத்துப் பத்திரப்படுத்த நினைத்தால் செத்துவிடும், பறித்த சில நாளில் மண்ணுக்குப் போக வேண்டும். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை இப்படித்தான், டப்பாவில் போட்டு அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாது. அத்தான், குழி வெட்டுவதற்கு முன்பே எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்.

நாற்றங்காலில் ஒரு நாள் முழுக்கப் பையைக் கிழிப்பதுதான் பாடம். பார்க்கச் செழிப்பாக இருக்கும் நாற்றை எடுத்துப் பாலித்தீன் பையை நெடுக்காகக் கீறினால், அடியில் வேர் சுருண்டு சுருண்டு வளையமாகக் கிடக்கும். அதை அப்படியே நட்டால் சில வருடம் நன்றாக வளர்ந்து ஒரு காற்றில் சாயும். நட்டவர் மழையையோ மண்ணையோ திட்டுவார். இதை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தவர் பிறகு நாற்று வாங்கும்போது இலையைப் பார்க்க மாட்டார்.

கடினமான பேச்சு கடைசி நாளில் வரும், பணப் பேச்சு. நிலத்தைக் காட்டுக்கு விட்டுவிட்டால் மாடு எங்கே மேயும், அரசு தரும் தொகை மேய்ச்சல் வருமானத்துக்கு ஈடாகுமா, சின்ன நிலத்துக்காரனுக்கு அந்த விண்ணப்ப வேலையெல்லாம் கட்டுமா. இன்னொரு பயமும் உண்டு, அதைத் தயங்கித் தயங்கித்தான் சொல்வார்கள்: புதர் மரமாகி, மரம் காடாகிவிட்டால் சட்டப்படி அப்புறம் தொட முடியாது, அதனால் காடு என்று யாரும் சொல்வதற்கு முன்பே வெட்டிவிடுவது பாதுகாப்பு. காட்டைக் காக்க வந்த சட்டமே இளங்காட்டுக்கு எதிராகத் திரும்பும் இடம் இது. இந்தப் பேச்சைப் பயிற்சியிலிருந்து விலக்கினால் மற்றதெல்லாம் வீண் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் ஒவ்வொருவரும் தன் நிலத்தின் படத்தை வரைந்து, ஓடைக் கரை எது, செங்குத்தான சரிவு எது, புல் நன்றாக வரும் சமதளம் எது என்று பிரித்து, எதை விடலாம் எதை விட முடியாது என்று தானே முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் ஓடைக் கரையும் சரிவும்தான் காட்டுக்கு வரும். எனக்கு அதுவே போதும், துண்டு காடுகளை ஒன்றோடொன்று இணைப்பது ஓடைக் கரைகள்தான்.

உள்ளூர் ஆட்களை நம்புவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. வடக்கே குவானகாஸ்தேயில் 1989இலேயே பல்கலைக்கழகம் பார்க்காத கிராமத்து மக்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்து வகைப்படுத்தும் வேலையில் அமர்த்தினார்கள்.

அடுத்த மாதம் பழைய வகுப்பு ஆட்களைத் தேடிப் போகிறோம், யார் வேலியைப் பராமரிக்கிறார், யார் விட்டுவிட்டார் என்று பார்க்க. விட்டவரிடம்தான் அதிக நேரம் உட்கார்வேன், காரணம் அவரிடம்தான் கிடைக்கும். காப்பி அறுவடை தொடங்கிவிட்டால் யாரும் பேச நேரம் தர மாட்டார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். அது முடிந்ததும் போன் செய்கிறேன். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
உங்கள் தங்கை