போலீஸ் சான்றிதழில் முடிகிற வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் தென்னாப்பிரிக்காவில் சிறையில் தச்சு, வெல்டிங், ரொட்டி சுடுதல் என்று அரசு தொழில் கற்றுத்தருவது நல்ல காரியம்தான். சிக்கல் எல்லாம் வாசலைத் தாண்டிய பிறகுதான். வெஸ்ட்வில் சிறையிலிருந்து வந்த எங்கள் தெருப் பையன் வெல்டிங்கில் கெட்டிக்காரன். எங்கள் வீட்டு இரும்பு கேட்டை அவன்தான் சரிசெய்தான். ஒட்டுப் போட்ட இடமே தெரியவில்லை. வேலை கேட்டுப் போனால், பழைய தண்டனை எதுவும் இல்லை என்கிற போலீஸ் சான்றிதழ் கேட்கிறார்கள், அதோடு பேச்சு முடிந்தது.

1977ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி பழைய தண்டனைப் பதிவை நீக்க 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதுவும் சிறு அபராதம், நிறுத்திவைத்த தண்டனை போன்றவற்றுக்குத்தான் பெரும்பாலும். சரி, உள்ளே இருந்துவிட்டு வந்தவன் எங்கே போவான்?

2023 ஆகஸ்டில் நெரிசலைக் குறைக்க அதிபர் ராமபோசா தண்டனைக் குறைப்பு அறிவித்து, 9,000க்கும் மேற்பட்டோரை விடுவிக்க வழிசெய்தார். கதவைத் திறப்பது சுலபம். அரசு ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனிகள் இவர்களில் சிலருக்காவது வேலை தர வேண்டும் என்று விதி போடலாமே. சின்னத் திருட்டுக்காவது அந்தப் பத்து ஆண்டை ஐந்தாக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த், டர்பன்