தோமியேவைக் கல்லில் நடத்துங்கள்: ஓவிய ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கவின்கலைக் கல்லூரிகளில் ஓவிய வரலாறும் பதிப்போவியமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அரசியல் கருத்துப்படத்தின் தொடக்கக் காலம் பாடமாகும்போதெல்லாம் ஓனோரே தோமியே (1808–1879) வந்துவிடுகிறார். மார்செய் நகரத்துக் கண்ணாடித் தொழிலாளியின் மகன், பிரெஞ்சு அரசர் லூயி பிலிப்பைப் பேரிக்காய்த் தலையோடு வரைந்தார், சிறை போனார். ஒரு மணி நேரத்தில் ஆள் முடிந்துவிடுகிறார். அடுத்து, ‘தோமியே பாணியில் ஓர் அரசியல்வாதியை வரைக’ என்று பயிற்சி. மாணவர் மைப்பேனாவை எடுக்கிறார். கோளாறு அங்கேதான். தோமியே புகழ்பெற்றது பேனாக் கோட்டால் அல்ல, சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புக் கிரேயானால். ஏறத்தாழ 4,000 கல்லச்சுப் (லித்தோகிராஃப்) படங்கள் அப்படி வந்தவை. அவரை ஒரு முறையாவது கல்லில் வைத்து நடத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் கல்தான் இதற்கு முதல் தரம். இரண்டு கற்களை முகத்தோடு முகம் வைத்து, நடுவே நீரும் கார்போரண்டம் தூளும் இட்டு, எட்டு போடுவதுபோல் தேய்க்க வேண்டும். தோமியே காலத்தில் சலித்த மணல். முதலில் கரடான 80 எண் தூள், பிறகு 120, கடைசியில் நுண்ணிய 220. ஒவ்வொரு முறை தூள் மாற்றும்போதும் கல்லின் ஓரங்களையும் சேர்த்துக் கழுவுங்கள். பழைய தூளில் ஒரு பருக்கை தங்கினாலும் அதன் கீறல் அச்சில் வந்து நிற்கும். நேர்சட்டத்தை வைத்து மட்டம் பாருங்கள். நடுவில் பள்ளம் இருந்தால் அழுத்தும்போது கல் பிளந்துவிடும். கண்ணாடிபோல் வழவழப்பாக்கவும் கூடாது. கல்லின் நுண்ணிய மேடுகளில் மட்டும் கிரேயான் பிடித்து, இடுக்குகள் வெள்ளையாக நிற்பதால்தான் சாம்பல் நிறம் பிறக்கிறது. தோமியேவின் வலிமை அந்தச் சாம்பலில் இருக்கிறது.

வரையும்போது கை கல்லில் படக்கூடாது. குறுக்கே பலகை போட்டு அதில் கையை ஊன்றச் சொல்லுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசைகூட மை வாங்கும். படம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி விழும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வலக்கையில் வாள் பிடித்தவர் அச்சில் இடக்கையராகிவிடுவார்.

மாணவர் வேலை பெரும்பாலும் கெடுவது அடுத்த கட்டத்தில், படம் கல்லில் நிலைக்க அமிலம் கலந்த பிசினை ஊற்றும்போது. கம் அராபிக் எனும் வேலம்பிசின் கரைசல் 30 மி.லி. எடுத்தால், மெல்லிய சாம்பல் பகுதிக்கு நைட்ரிக் அமிலம் மூன்று முதல் ஐந்து சொட்டு, அடர்கறுப்புக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து. இது தொடக்கக் கணக்குதான், கல்லுக்குக் கல் மாறும். அமிலம் கூடினால் சாம்பல் எரிந்துபோகும். குறைந்தால் நாலைந்து தாளுக்குள் நிழல் அடைத்துக்கொண்டு சேறாகிவிடும். பிறகு டர்ப்பன்டைனால் கிரேயானைத் துடைத்தெடுத்து, ஈரத்தோடு மை உருட்ட வேண்டும். ஈரக் கல் கொழுப்பு மையை ஏற்காது, வரைந்த இடம் மட்டும் வாங்கும். ஈரம் காய்ந்த இடமெல்லாம் மை அப்பும்.

இதைச் செய்து பார்த்த மாணவரிடம் ‘த்ரான்ஸ்நொனேன் தெரு, 1834 ஏப்ரல் 15’ படத்தைக் காட்டுங்கள். பாரிசில் கலவர நேரத்தில் அந்தத் தெருவின் ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கி சுட்டதாகச் சொல்லிப் படையினர் உள்ளே புகுந்து குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். படத்தில் படையினர் யாருமே இல்லை. இரவுச் சட்டையோடு கட்டிலோரம் சரிந்த ஒருவர், அவர் உடலுக்கடியில் குழந்தை, இருட்டில் ஒரு பெண், வலப்பக்க ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. சட்டையின் வெளிச்சம் மங்காமல், மூலையிருட்டு அடைத்துக்கொள்ளாமல் ஒரே கல்லில் நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அமிலம் ஊற்றியவருக்குத்தான் தெரியும். கேலியே இல்லாத இந்தப் படத்தைக் ‘கேலிச்சித்திரம்’ என்ற தலைப்பில் அடக்குவது எங்களுக்கு ஒப்பவில்லை.

அரசுக்கும் கல்தான் பகை. செப்புத்தகட்டில் செதுக்க நாட்கணக்கில் ஆகும். கல்லில் இன்று வரைந்தது நாளையே தெருவுக்கு வந்துவிடும். 1832 டிசம்பர் 1இல் பதிப்பாளர் ஷார்ல் ஃபிலிப்போன் ‘ஷாரிவாரி’யை நாளிதழாகத் தொடங்கி, அன்றாடம் ஒரு படம் போட முடிந்தது அதனால்தான். ‘த்ரான்ஸ்நொனேன் தெரு’வின் கல்லைக் காவலர்கள் பறிமுதல் செய்தார்கள். அதற்கு முன், அரசரைப் பெருந்தீனி ராட்சதனாகக் காட்டிய ‘கார்கான்துவா’ படத்துக்காகத் தோமியேவுக்கு ஆறு மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் விதித்திருந்தார்கள். 1835 செப்டம்பர் சட்டம் வந்ததும் படங்களுக்கு மட்டும் முன்தணிக்கை, எழுத்துக்கு இல்லை. தோமியே, மோசடிக்கார நாடகப் பாத்திரமான ரொபேர் மக்கேர் பக்கம் திரும்பியதை ‘அரசியலை விட்டுவிட்டார்’ என்று குறிப்புகளில் எழுதிக்கொடுக்காதீர்கள். வெளியிட அனுமதித்திருந்தால் அரசியலை விட்டிருக்கமாட்டார். 1848இல் லூயி பிலிப் ஆட்சி விழுந்ததும் அரசியல் திரும்பி வந்ததே.

திரையில் காட்டும் படத்தையும் கொஞ்சம் சோதியுங்கள். ஒரே படம் இரு வகையாகக் கிடைக்கிறது: சேகரிப்பாளர்களுக்காக வெள்ளைத் தாளில் எடுத்தது, நாளிதழ்ப் பக்கத்தில் வந்தது. இதழ்ப் பிரதியில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரியும், சாம்பலும் கரைந்திருக்கும். மாணவர் அதைப் பார்த்து ‘முரட்டுக் கை’ என்று எழுதினால் பழி தோமியேவுக்குப் போகிறது. 1870ஐ ஒட்டிய ஷாரிவாரிப் படங்கள் பலவற்றில் கல்லச்சே இல்லை, துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி மேடெழுத்துபோல் அச்சிட்டவை. அங்கே கோடு கெட்டியாகி, நடுச்சாம்பல் மறைந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடச் சொல்லாதீர்கள்.

இன்னும் இரண்டு. படத்தடி வாசகங்களில் பெரும்பாலானவை அவர் எழுதியவை அல்ல. மக்கேர் வரிசைக்கு எழுதியவர் ஃபிலிப்போன். அந்த நகைச்சுவைக்குத் தோமியேவைப் பாராட்டி மதிப்பெண் போட வேண்டாம். அரசியல்வாதிகளின் வெண்கலத் தலைகளும் அவர் கை பட்டவை அல்ல. அவர் செய்தது சுடாத மண்ணில் வண்ணம் பூசிய சிறு சிலைகள். 36 உருவங்கள் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளன. வெண்கலம் வார்த்தது அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து.

கல் வாங்க வழியில்லையா? மணல் தேய்த்த அலுமினியத் தகட்டில் செய்யலாம். ஆனால் மேலே சொன்ன நைட்ரிக் அமிலக் கலவையை அதில் ஊற்ற வேண்டாம், தகட்டுக்கென்று விற்கும் கரைசல் வேறு. அதுவும் முடியாவிட்டால், சொரசொரப்பான தாளும் லித்தோ கிரேயானும் கொடுங்கள். பேனாவை மட்டும் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கல்லச்சுப் பட்டறைக்காரர்கள் சிலர்